வெறுங்கால் டாக்டர்!

லண்டன், 1948. ஒலிம்பிக்ஸில் ஆட வந்திறங்கிய இந்தியக் கால்பந்து டீமைப் பார்த்து அங்கே எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம். பாதிப் பேருக்கு மேல் காலில் பூட்ஸே கிடையாது! சிலர் சுத்தமாக வெறுங்கால். சிலர் ஏதோ துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். ‘ஏனய்யா பூட்ஸ் போடாமல் ஆடுகிறீர்கள்?’ என்று ஒரு நிருபர் கேட்டே விட்டார். டீம் கேப்டன் அதிகம் யோசிக்கவில்லையாம்.

‘‘நாங்கள் ஆடுவது ஃபுட்பால். நீங்கள் ஆடுவதுதான் பூட்-பால்!’’

இந்தப் பதிலை அவர் வாயிலிருந்து வந்ததாகத்தான் 75 வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வார்த்தைக்கு வார்த்தை இப்படியேதான் சொன்னாரா என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த ஆளைப் பற்றிப் படித்தால், சொல்லியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

கேப்டனின் பெயர் தாலிமெரென் ஆவோ. (அரைகுறை இந்தி தெரிந்தவர்கள் யாரையோ ‘வா, வா’ என்று கூப்பிடுவதாக நினைக்க வேண்டாம். ஆவோ என்பது நாகா மக்களில் ஒரு பிரிவு.) வயது 30. உத்தியோகம்? காலேஜ் மாணவர்! கல்கத்தாவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் பாஸாகவில்லை.

30 வயதில் என்ன காலேஜ் என்று சிரிக்கிறவர்கள், ஏழு வருஷமாக சி.ஏ. இன்டர் எழுதிக்கொண்டிருக்கும் என் நண்பர்களைப் பார்த்தது இல்லை போலிருக்கிறது. இலாகாத் தேர்வில் அதே பேப்பரை நாலாம் தடவை எழுதுகிறவர்கள் இந்தக் கட்டுரையைத் தைரியமாகத் தொடரலாம். இது உங்களுக்கான ஆள்.

எனக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் உத்திரமேரூரில் அரிசி மண்டி, ஹார்டுவேர் கடைக்கெல்லாம் கணக்கு எழுதிக் கொடுத்து, மிச்ச நேரத்தில் பத்திரிகைக்கு எழுதுகிற ஒரு பி.காம். 2018-ல் ஆவோவின் நூற்றாண்டுக்குத் தபால் இலாகா ஒரு ஸ்டாம்ப் வெளியிட்டது. பின்னொரு நாள் யாரோ அனுப்பிய கவரில் அது ஒட்டி வந்து சேர்ந்தது. ‘யாருடா இது, நேதாஜி படையில் இருந்தவரா?’ என்று தேடப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

ஆவோ பிறந்தது 1918 ஜனவரி 28. ஊர் சாங்கி. அன்றைய அஸ்ஸாமின் நாகா மலை ஜில்லா, இன்றைய நாகாலாந்து. அப்பா பாதிரியார். வீட்டில் 12 பிள்ளைகள். டீமுக்கு 11 பேர் போதும் என்பதால் ஒருவரை அம்பயராக வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது, கால்பந்தில் அம்பயர் கிடையாது, ரெஃப்ரீ என்று எங்கள் தெருப் பொடியன் ஒருத்தன் திருத்தினான். போகட்டும்.

மிஷன் வேலைக்காகக் குடும்பம் இம்பூருக்கு மாறியது. அங்கே மிஷன் வளாகத்தில் கிழிசல் துணிகளைச் சுருட்டிக் கட்டிய பந்துதான் சின்ன ஆவோவுக்குக் கால்பந்து. நம் ஏரிக்கரைப் பையன்கள் துணிப்பந்தையும் காய்ந்த பனங்கொட்டையையும் உதைத்தார்களே, அதே கதைதான். மலைக்கும் சமவெளிக்கும் இதில் வித்தியாசமே இல்லை.

1935-ல் அப்பா டைஃபாய்டில் விழுந்தார். மருந்து கிடையாது. நம்மில் பலருக்கு இது தெரியாது. அன்றைக்கு டைஃபாய்டு வந்தால் கஞ்சி, ஈரத்துணி, பிரார்த்தனை, அவ்வளவுதான். உடம்பு தாங்கினால் பிழைப்பு, இல்லாவிட்டால் இல்லை. ஆவோவின் அப்பாவுக்குத் தாங்கவில்லை. சாகிற நேரத்தில் மகனிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: நீ டாக்டராகி நம் ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கணும்.

பையனுக்கு அப்போது 17 வயது. காலோ பந்தைத் தேடுகிறது. வாயோ அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடியதுதான் அடுத்த 15 வருஷம். ஜோர்ஹாட்டில் பள்ளிக்கூடம். பிறகு குவாஹாட்டி காட்டன் காலேஜ். படிக்கப் போன ஊரில் மகாரானா கிளப் அவரைப் பிடித்துக்கொண்டது. அங்கே ஃபார்வர்டாக ஆடினார். அங்கிருந்து கல்கத்தா கார்மைக்கேல் மெடிக்கல் காலேஜில் சீட். (பிற்பாடு ஆர்.ஜி. கர் என்று பெயர் மாறிய அதே காலேஜ். பெயர் மாறியதும் 1948-ல்தான்.) கல்கத்தாவில் மெடிக்கல் சீட் கிடைத்த பையன் ஒழுங்காக எலும்புக்கூட்டைப் பார்த்து நோட்ஸ் எடுத்திருக்க வேண்டும். இவர் 1943-ல் மோகன் பகானில் போய்ச் சேர்ந்தார்!

மோகன் பகான் என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு அதன் மகிமை புரிவது கஷ்டம். 1911-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஃபைனலில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாள டீமை 2-1 என்று ஜெயித்த கிளப். பகான் பக்கம் 10 பேர் வெறுங்கால். பூட்ஸ் போட்டிருந்தது ஒரே ஒருவர். துரைமார் பட்டாளத்தை வெறுங்காலால் உதைத்ததாக வங்காளமே கூத்தாடியது. வெறுங்கால் என்பது அதற்குப் பிறகு வசதிக் குறைவாக இல்லாமல் ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது.

அந்தக் கிளப்பில் ஆவோவை முன்வரிசையிலிருந்து பின்னால் இழுத்து, தடுத்து ஆடுகிற ஹாஃப் ஆக்கினார்கள். கோல் போட்டுக் கைதட்டு வாங்குகிற வேலை போய், எதிராளி காலிலிருந்து பந்தைப் பிடுங்கி அடுத்தவனுக்குக் கொடுக்கிற வேலை. ஆபீஸில் இந்த மாதிரி மாற்றல் வந்தால் நாம் யூனியனுக்குப் போவோம். ஆவோ அந்த இடத்தில் நிலைத்து நின்று, கிளப்புக்கு இரண்டு வருஷம் கேப்டனாகவும் ஆனார். நடுவில் 1944-ல் ஜப்பான் படை கோஹிமா வரை வந்து, அவர் மலை ஜில்லாவே போர்க்களம் ஆனது. இவர் கல்கத்தாவில் பகலில் ஆஸ்பத்திரி வார்டும் சாயங்காலம் மைதானமுமாக இருந்தார்.

பூட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ‘ஐயோ பாவம், வாங்கக் காசில்லை, அதனால்தான் வெறுங்கால்’ என்று உருக்கமாகச் சிலர் எழுதுகிறார்கள். கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு இது ஒத்துவரவில்லை. ஒரு டீமையே லண்டனுக்கு அனுப்பி, தங்கவைத்து, திருப்பிக் கூட்டிவர முடிந்தவர்களுக்கு 11 ஜோடி பூட்ஸா பெரிய செலவு? உண்மையில் அந்தக் காலத்துப் பூட்ஸைப் பார்க்க வேண்டும். கணுக்கால் வரை மொத்தத் தோல், முன்னால் கெட்டியான மூக்கு, அடியில் ஆணி அடித்த குமிழ்கள். மழையில் நனைந்தால் கனம் இன்னும் ஏறும். துணிப்பந்தில் வளர்ந்த காலுக்கு அது விலங்கு. வெறுங்காலில் பந்து எங்கே தொடுகிறது, எப்படிச் சுழல்கிறது என்பதெல்லாம் விரலுக்குத் தெரியும். காய்ந்த தரையில் வெறுங்கால்காரனைப் பிடிக்க முடியாது. ஈரத் தரைதான் எமன். கால் வழுக்கும், எதிராளியின் ஆணி மிதித்தால் அம்மா என்று உட்காரவேண்டியதுதான்.

எங்கள் ஊர் ஏரி வற்றுகிற சித்திரை வைகாசியில் ஏரிக்குள் நடக்கிற ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சீமைக்கருவேல முள் மட்டும் இல்லாவிட்டால் எங்கள் பையன்கள் இன்றைக்கும் செருப்பைக் கரையில் போட்டுவிட்டு ஆடுவார்கள். மெஸ்ஸி பனியன், வெறுங்கால்!

சரி, 1948. ஜூலை 29-ம் தேதி வெம்ப்ளி ஸ்டேடியத்தில் தொடக்க விழா. சுதந்திர இந்தியா கலந்துகொள்ளும் முதல் ஒலிம்பிக்ஸ். சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. மூவர்ணக் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் தாலிமெரென் ஆவோ. இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. முந்தின வருஷம் ஆகஸ்ட் 14-ம் தேதிதான் நாகா தேசிய கவுன்சில், தங்கள் மலைகள் தனி நாடு என்று அறிவித்திருந்தது. அந்த மலையில் பிறந்த ஒருவர் கையில் இந்தியக் கொடி! அதைப் பற்றி அவர் மனசில் என்ன ஓடியதோ, கொடியை நேராகத்தான் பிடித்திருந்தார்.

இரண்டே நாள். ஜூலை 31. லண்டனுக்குக் கிழக்கே இல்ஃபோர்டு மைதானம். எதிரி ஃபிரான்ஸ். நம் டீமின் பட்டியலைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரதராஜ், வஜ்ரவேலு, தன்ராஜ், ராமன்... ஏதோ காஞ்சிபுரம் பட்டு ஜவுளிக்கடை பில் புத்தகம் மாதிரி இருக்கிறது! பெங்களூர்ப் பக்கம் அந்த நாளில் பெரிய கால்பந்துக் கோட்டை. 

களத்தில் இறங்கிய 11 பேரில் எட்டுப் பேர் பூட்ஸ் இல்லாதவர்கள். 30-வது நிமிஷத்தில் ஃபிரான்ஸ் ஒரு கோல். நம் ஆட்கள் சளைக்கவில்லை. 70-வது நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் திருப்பி அடித்தார். 1-1. சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல் ஒரு சாரங்கபாணியின் காலிலிருந்து வந்தது என்பதை நாலு பேரிடம் சொல்லுங்கள். கடைசியில், 89-வது நிமிஷம், எல்லோரும் கூடுதல் நேரத்துக்குத் தயாராகும் சமயத்தில் ஃபிரான்ஸ் இன்னொன்று போட்டு ஜெயித்துவிட்டது. 2-1.

இதில் வயிறு எரிகிற சமாசாரம் வேறே. அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. ஒன்றை சைலன் மன்னா கோட்டை விட்டார். மன்னா சாதாரண ஆள் இல்லை, அவர் காலத்தின் மிகப் பெரிய தடுப்பாட்டக்காரர். இன்னொன்றை மகாவீர் பிரசாத். இரண்டும் உள்ளே போயிருந்தால் ஃபிரான்ஸ் மூட்டை கட்டியிருக்கும். தோற்ற டீமுக்கு மைதானமே எழுந்து கைதட்டியதாம். கைதட்டுக்கெல்லாம் அடுத்த ரவுண்டு கொடுப்பதில்லை. அவ்வளவுதான் ஒலிம்பிக்ஸ். ஆகஸ்ட் 12-ம் தேதி ஹாக்கி டீம் பிரிட்டனையே 4-0 என்று சாத்தித் தங்கம் வாங்கியதும் தேசம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நியாயம்தான்.

இப்போதுதான் கதையின் முக்கியமான இடம். ஆவோ ஆடியதைப் பார்த்த அர்செனல் கிளப், ஒரு வருஷ ஒப்பந்தம் தருகிறோம், இங்கேயே இருங்கள் என்று கூப்பிட்டதாகச் சொல்கிறார்கள். அர்செனல்! இன்றைக்கு நம் பையன்கள் கடன் வாங்கி ஜெர்சி வாங்குகிற அதே அர்செனல்.

என் கை சும்மா இருக்கவில்லை, கால்குலேட்டரை எடுத்தேன். அன்றைக்கு இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டக்காரருக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. சீசனில் வாரத்துக்கு 12 பவுன். அதற்கு மேல் எந்தக் கிளப்பும் தரக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்பது அன்றைய மாற்று விகிதம். ஆக, ஒரு பவுன் 13 ரூபாய் சொச்சம். 12 பவுன் என்றால் வாரம் 160 ரூபாய். மாசத்துக்கு 640! உச்சவரம்பு முழுசும் இவருக்குக் கொடுத்திருப்பார்களா தெரியாது. பாதியே கொடுத்தால்கூட 1948-ல் அது ஒரு குடும்பத்தையே நிமிர்த்துகிற பணம்.

ஆவோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். படிப்பு பாக்கி இருக்கிறது, அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது.

அதே 1948-ல் வேறொரு காரியமும் நடந்தது. குளோராம்ஃபெனிகால் என்ற மருந்தை மலேயாவில் டைஃபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் சில நாளில் இறங்கியது. டைஃபாய்டுக்கு முதல்முறையாக ஒரு நிஜ மருந்து. அப்பாவைக் கொண்டுபோன வியாதிக்கு, மகன் வெம்ப்ளியில் கொடி பிடித்த வருஷம்தான் மருந்து வந்தது. 13 வருஷம் தாமதம். எனக்கு இந்த ஒரு தகவல் போதும், ராத்திரி தூக்கம் வரவில்லை.

1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். ஆட்டத்துக்கு முழுக்கு. அதே 1950-ல்தான் பிரேசிலில் உலகக்கோப்பை. மற்ற ஆசிய டீம்கள் விலகிக்கொண்டதால் இந்தியாவுக்குத் தானாக இடம் கிடைத்தது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவில் சேர்த்தும் விட்டார்கள். நாம் போகவில்லை. ‘வெறுங்காலோடு வரக்கூடாதென்று தடுத்துவிட்டார்கள்’ என்பது டீக்கடைக் கதை. நம் கால்பந்து சம்மேளனம் சொன்ன காரணம், பயிற்சிக்கு நேரம் போதவில்லை, யார் யாரை எடுப்பது என்பதில் தகராறு. ஒலிம்பிக்ஸ்தான் பெரிசு, உலகக்கோப்பை எதற்கு என்ற அலட்சியமும் இருந்தது. ஆள் எடுப்பதில் தகராறு என்றால் எங்களைக் கேட்டிருக்கலாம். பராந்தக சோழன் காலத்திலேயே, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்த ஊர் எங்களுடையது. கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் நிற்கவே கூடாது என்று கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறோம். சம்மேளனங்களுக்கு இதை அனுப்பினால் குடம் மட்டும்தான் மிஞ்சும்.

1952 ஹெல்சிங்கியில் குளிரில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. பூட்-பால் ஜெயித்துவிட்டது.

ஆவோ அப்போது அஸ்ஸாமில், திப்ரூகரில், காது மூக்கு தொண்டைப் பிரிவில் டாக்டர். 1953-ல் கோஹிமா சிவில் ஆஸ்பத்திரிக்கு உதவி சிவில் சர்ஜனாகப் போனார். ஊர் திரும்பியாயிற்று. அவர் போன நேரம் நல்ல நேரம் இல்லை. அடுத்த சில வருஷத்தில் மலையெங்கும் துப்பாக்கிச் சத்தம். பட்டாளம் ஒரு பக்கம், தலைமறைவுப் போராளிகள் ஒரு பக்கம், நடுவில் கிராமங்கள். 1963 டிசம்பரில் நாகாலாந்து தனி மாநிலம் ஆனது. ஆவோ அந்த மாநிலத்தின் சுகாதாரத் துறை டைரக்டர் பதவி வரை உயர்ந்து 1978-ல் ரிடையர் ஆனார். 1998 செப்டம்பர் 13-ம் தேதி திமாப்பூரில் காலமானார். வயது 80.

கணக்குப் பார்த்தால் பெரிய ஆட்டம் ஆடியது ஏழு வருஷம். டாக்டர் உத்தியோகம் 28 வருஷம். ஆனால் உலகம் ஞாபகம் வைத்திருப்பது அந்த ஏழு வருஷத்தை, அதிலும் ஒரே ஒரு பதிலை. கோஹிமாவில் அவர் காது பார்த்து, தொண்டை பார்த்து அனுப்பியவர்களின் கணக்கை யார் எழுதி வைத்தார்கள்? அர்ஜுனா விருது ஆரம்பித்ததே 1961-ல். அதற்குள் அவர் மைதானத்தை விட்டுப் பத்து வருஷம் ஓடிவிட்டது. அஸ்ஸாமில் கலியாபோர் என்ற ஊரில் அவர் பெயரில் ஸ்டேடியம் இருக்கிறது. வடகிழக்கு மாநிலங்கள் மோதிக்கொள்ளும் டாக்டர் டி. ஆவோ கோப்பை இருக்கிறது. பிறகு அந்த ஸ்டாம்ப்.

இந்தக் கதையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்காவிடம் வாயை விட்டேன்.

அவர் மகன் காலேஜ் டீமில் லெஃப்ட் விங். பெயர் வேண்டாம். பந்து காலில் வந்துவிட்டால் கோட்டோரமாக ஓடுவான் பாருங்கள், டவுன் பஸ் டிரைவர்கூட ஹாரன் அடித்து வழி விடுவார்! பி.எஸ்ஸி. முடித்ததும் ஒரே வாரத்தில் இரண்டு அழைப்பு. ஒன்று, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் டிரெயினி வேலை, மாற்றி மாற்றி மூன்று ஷிஃப்ட், விடிகாலையில் கம்பெனி பஸ். இன்னொன்று, சென்னையில் ஒரு கிளப்; ரூம் தருவோம், கைச்செலவுக்குக் கொஞ்சம் தருவோம், ஆடிக் காட்டு, அப்புறம் ஏதாவது இலாகாவில் விளையாட்டுக் கோட்டாவில் பார்க்கலாம் என்றார்கள்.

‘‘தம்பி, நீ நாலு எழுத்துப் படிச்சவன். அவனுக்கு நீ சொன்னாத்தான் ஏறும்’’ என்றார் அக்கா. கல்லாவில் இருந்த என்னிடமே சாம்பார் வாளியைக் கொடுத்துவிட்டு மகனைக் கூப்பிட்டார்.

ஆவோ கதையைச் சொன்னேன். கை நிறைய வாளி, வாய் நிறைய கதை.

முடித்ததும் அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. ‘‘பாத்தியாடா? சீமையிலேயே கூப்ட்டாங்க. அவரு வேலைதான் பெருசுன்னு வந்துட்டாரு. அப்பன் சொன்ன சொல்லு!’’

லெஃப்ட் விங் விடவில்லை. ‘‘யம்மா, நல்லா கேளு. முப்பது வயசு வரைக்கும் ஆடிக்கினேதான் இருந்தாரு! எனக்கு இன்னும் இருபத்தொண்ணுகூட முடியல.’’

‘‘அவரு டாக்டருக்குப் படிச்சிக்கினே ஆடினாரு. நீ இன்னா படிச்சிக்கினு இருக்கே?’’

இதற்கு அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே சாட்சியாக நாகா மலையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நான் நாலாம் டேபிளுக்குச் சாம்பார் ஊற்றப் போனேன்.

அப்புறம் என்ன ஆயிற்று என்றால், இப்போதைக்கு ஒரகடம்தான். அப்பா இல்லாத வீடு, தங்கை ப்ளஸ் டூ. ஆனால் சென்னை கிளப்பின் நம்பரை அவன் அழிக்கவில்லை. ‘‘ஆறு மாசம் டைம் குடுங்க சார்’’ என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறான். வாராந்திர லீவு ஞாயிற்றுக்கிழமை விழுகிற வாரங்களில் ஏரிக்குள் ஆடுகிறான். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்து ஆடுகிற நாளில் ஆட்டம் சோபிப்பதில்லை. பாஸ் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறான். அக்கா அன்றைக்குக் கரையிலேயே டிபன் கேரியரோடு நிற்கிறார். திட்டிக்கொண்டேதான் நிற்கிறார்.

போன வாரம் மண்டியில் பில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான். யூனிஃபாரத்தோடு நேராகக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறான் போலிருக்கிறது, கண்ணெல்லாம் சிவப்பு.

‘‘ண்ணா, ஒரு டவுட்டு.’’

சம்பளம், பி.எஃப். விஷயமாக இருக்கும் என்று பேனாவை மூடினேன்.

‘‘அந்த ஃபிரான்ஸ் மேட்ச்ல ரெண்டு பெனால்டின்னு சொன்னியே. ஒண்ணாவது டாக்டரே அடிச்சிருக்கலாம் இல்ல? கேப்டன்தானே?’’